வண்டிக்குப் போர்வையா, பந்தலா?

போன வாரம் தோஹாவிலிருந்து என் தங்கையின் பேரன் போன் செய்தான். இரண்டு மாத விடுமுறையில் ஊருக்கு வருகிறானாம். "காரை வெட்டவெளியிலதான் தாத்தா விட்டுட்டு வரணும். நல்ல கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டா வாங்கி மூடிக் கட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டான். "வேண்டாண்டா!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்துவிட்டாள்.

அவனுக்குக் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பின்னால் உள்ள கதை அவ்வளவு சுருக்கமானதல்ல. 1986 கோடையில், சவூதி அரேபியாவின் தம்மாம் நகருக்கு வெளியே ஒரு யார்டில், பதினாறு வண்டிகளை நான் அப்படித்தான் மூடிக் கட்டினேன். அதில் பெயிண்ட் போனதோடு சில பேருடைய சம்பளமும் சேர்ந்து போயிற்று. அதைச் சொல்வதற்கு முன் பெயிண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு 'டூகோ' என்ற சொல் நினைவிருக்கும். நம்மூர்ப் பட்டறைகளில் அம்பாசடருக்கும் டூகோ, இரும்பு பீரோவுக்கும் டூகோ. அது ஒரு பெயிண்டின் வியாபாரப் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி வைத்த பெயர் அது.

டூகோவுக்கு முன்னால் மோட்டார் காருக்கும் குதிரைக் கோச்சு வண்டிக்கும் ஒரே பூச்சுதான். ஆளி விதை எண்ணெயில் மரப்பிசினைக் காய்ச்சி எடுக்கிற வார்னிஷ். பூச்சுமேல் பூச்சாகப் போட்டு, ஒவ்வொன்றையும் காயவிட்டுத் தேய்த்து, ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். அப்படிப் பாடுபட்டுப் போட்ட பூச்சும் வெயிலில் நின்றால் மஞ்சளாகி வெடித்துவிடும். அதனால்தான் பெரிய மனிதர்கள் வீட்டில் கோச்சு வண்டிக்கென்று தனியாக ஒரு கொட்டகை இருந்தது. குதிரை லாயத்தை ஒட்டி அதைக் கட்டக்கூடாது, மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா நெடி வார்னிஷைக் கெடுக்கும் என்று அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நிழலும் நல்ல காற்றும் வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

ஃபோர்டு கம்பெனி 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. சூளையில் சுட்டு இறுக்கிய கறுப்பு எனாமல் அது. வேறு நிறம் வேண்டுமென்றால் பழையபடி வார்னிஷ்காரர்களிடம் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் டூகோ வருகிறது. முதல் உலகப் போர் முடிந்து, வெடிமருந்துக்குச் செய்த நைட்ரோசெல்லுலோஸை என்ன செய்வது என்று டூபாண்ட் விழித்துக்கொண்டிருந்த நேரம். 1920 ஜூலையில், நியூஜெர்சியில் பார்லின் என்ற ஊரில் இருந்த அவர்களுடைய ஃபிலிம் தொழிற்சாலையில், நைட்ரோசெல்லுலோஸ் கரைசல் நிரப்பிய பீப்பாய் ஒன்று சில நாட்கள் வெளியில் கோடை வெப்பத்தில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், பாகு மாதிரி இருந்தது தண்ணீர் மாதிரி இளகிக் கிடந்தது என்று சொல்வார்கள். இளகினால் கன்னில் வைத்துப் பீய்ச்சலாம், நிறப்பொடியை அதிகம் சேர்க்கலாம், மணிக்கணக்கில் காய்ந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் அதை எடுத்துக்கொண்டு 1924 மாடல் ஓக்லண்ட் காரில் நீல நிறத்தில் அடித்து வெளியிட்டது. வாரங்கள் மணிகளாகிவிட்டன.

எனக்கு இதில் ஒரு வேடிக்கை. வெயிலில் பிறந்த அந்த டூகோ வெயிலைத் தாங்காது. மஞ்சள் பூக்கும், மங்கும், நுண்ணிய வெடிப்பு விடும். அடிக்கடி மெழுகு போட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு நிற்கும். 1930களில் டூலக்ஸ் போன்ற ஆல்கிட் எனாமல்கள் வந்தன, 1950களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது, 1970களிலும் 80களிலும் நிறப்பூச்சின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் அடிக்கும் வழக்கம் பரவியது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கூடுதலாக வெயில் தாங்கியது. ஆனாலும் அந்தக் கிளியர் கோட்டின் கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான், நம் தலைமுடியைவிட மெல்லியது. நாலு லட்ச ரூபாய்க் காரோ நாற்பது லட்ச ரூபாய்க் காரோ, வெயிலுக்கும் வண்டிக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான்.

இனி தம்மாமுக்கு வருகிறேன்.

1970களின் நடுவிலிருந்து சவூதியின் கிழக்குக் கரையில் கட்டாத கட்டடமில்லை, போடாத ரோடு இல்லை. ஜுபைல் என்ற மீனவக் கிராமம் தொழில் நகரமாக எழுந்துகொண்டிருந்தது. நான் 1981ல் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் கிளார்க்காகப் போய்ச் சேர்ந்தேன். 1985 கடைசியில் ஒரு பீப்பாய் எண்ணெய் ஏறக்குறைய முப்பது டாலர் விற்றது. 1986 நடுவில் அது பத்து டாலரைத் தொட்டுக் கீழேயும் போயிற்று. பத்திரிகையில் அது ஒரு வரிச் செய்தி. எங்களுக்கு அது வேலை நின்ற நாள். புதிய ஒப்பந்தம் இல்லை, முடித்த வேலைக்குப் பணம் வரவில்லை. நூற்றுக்கணக்கான பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர், யார்டில் நின்ற வண்டிகள் நாற்பத்தொன்று.

மேலாளர் எங்களைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். கையில் பணமில்லை. இந்த வண்டிகளை இப்போது விற்றால் அடிமாட்டு விலை, ஏனென்றால் ஊரே விற்கிறது. சந்தை தெளியும்வரை நிறுத்தி வைத்து விற்போம், வருகிற பணத்தில் உங்கள் பாக்கிச் சம்பளத்தைத் தீர்ப்போம். அதுவரை வண்டிகளைப் புதுக்கருக்கு மாறாமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. அதற்காக 1,200 ரியாலை என் கையில் கொடுத்தார். நாற்பத்தொரு வண்டிக்கு 1,200 ரியால்! ஒரு காரை முழுதாகப் பெயிண்ட் அடிக்கக்கூட அது தாராளமாகக் காணாது.

இருபத்தாறு பிக்கப், ஆறு தண்ணீர் டேங்கர், ஐந்து பஸ், நான்கு சலூன் கார். இன்ஜினுக்குச் செய்ய வேண்டியது மெக்கானிக்குகளுக்குத் தெரியும். பேட்டரியைக் கழற்றினார்கள், டயருக்கு முட்டுக் கொடுத்தார்கள். பெயிண்ட்டுக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வாங்க வருகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கட்டடத் தளத்துக்கு அடியில் ஈரம் ஏறாமல் விரிக்கிற கறுப்பு பாலிதீன் ஷீட்டு ஸ்டோரில் சுருள் சுருளாகக் கிடந்தது. இனாம். அதை எடுத்து மூடிக் கயிறு போட்டுக் கட்டலாம் என்று யோசனை சொன்னவன் நான். செய்தது நானும் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவனும். என்னை 'அண்ணே அண்ணே' என்று சுற்றிவரும் பிள்ளை, ஹெல்ப்பராக இருந்தான். ஷீட்டு போதுமான மட்டும், விலை போகக்கூடியவை என்று பொறுக்கி எடுத்து, நான்கு சலூன் காரையும் பன்னிரண்டு பிக்கப்பையும் மூடினோம். குழந்தையைப் போர்த்துகிற மாதிரி, இடுக்கில் காற்றுப் புகாமல் இழுத்து இழுத்துக் கட்டினோம். மீதியை அப்படியே விட்டுவிட்டோம். அவற்றில் ஐந்து பிக்கப் இடமில்லாமல் ஒர்க்‌ஷாப் சுவரின் வடக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து நின்றன.

ஜூனிலும் ஜூலையிலும் அங்கே 'ஷமால்' என்ற வடமேற்குக் காற்று வீசும். மாவு மாதிரியான மணலை வாரிக்கொண்டு வரும். ஆகஸ்ட் வந்தால் காற்று திரும்பிக் கடல் ஈரத்தைக் கொண்டுவரும். பகலில் 45 டிகிரி. இரவில் பார்த்தால் வண்டிக் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டும். பாலைவனம் என்றால் ஈரமே கிடையாது என்று நினைப்பவர்கள் வளைகுடாக் கரையில் ஓர் ஆகஸ்ட் இரவு படுத்துப் பார்க்க வேண்டும்.

அக்டோபரில் பிரித்தோம். முதல் காரின் ஷீட்டைத் தம்பி உருவியபோது, "அண்ணே..." என்று மட்டும் சொன்னான்.

அது கருஞ்சிவப்பு மெட்டாலிக் நிறக் கார். பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாக மேகம் படர்ந்த மாதிரித் திட்டு. கை வைத்தால் சின்னச் சின்னக் கொப்புளம். கயிறு ஓடிய இடமெல்லாம் பெயிண்ட் தேய்ந்து அடிப்பூச்சு தெரிந்தது. ஓரங்களில் ஷீட்டே வெயிலில் மொரமொரத்துப் பொடிந்து பெயிண்ட்டோடு ஒட்டிக் கிடந்தது. பதினாறு வண்டியும் ஏறத்தாழ இதே கதி. மூடாமல் விட்ட ஒன்பது பிக்கப்பும் மங்கிப்போய், விரலால் தடவினால் சுண்ணாம்புப் பொடி மாதிரி வந்தது. ஆனால் கொப்புளம் இல்லை. சுவரோரம் அக்கறையில்லாமல் தள்ளிவிட்ட ஐந்தும் தூசி தட்டினால் போதும் என்கிற நிலையில் நின்றன. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

பெஷாவர்க்காரர் ஒருவர் பெயிண்டராக இருந்தார், எல்லோருக்கும் 'உஸ்தாத்'. அவர் ஒவ்வொரு வண்டியையும் தடவிப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் நடத்தினார். அவர் அனுபவத்தில் சொன்னதைப் பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் பெயிண்டின் பசையை, அதாவது நிறப்பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது. பசை போனால் பொடி மேலே நிற்கும். அதுதான் விரலில் வரும் சுண்ணாம்பு. ஆனால் கதிர் மட்டும் அதைச் செய்வதில்லை, தண்ணீர் கூட இருந்தால்தான் வேலை வேகமாக நடக்கும். வெள்ளைப் பெயிண்டில் உள்ள டைட்டானியம் டையாக்சைடையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலைத் திருப்பி அடிப்பது அதுதான். அதே பொருள் வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து பட்டால் தன்னைச் சுற்றியுள்ள பசையைத் தானே அரிக்கும். 'அனடேஸ்' என்ற வகையில் இந்தக் குணம் அதிகம். 1940களில் 'ரூட்டைல்' என்ற சாதுவான வகை வந்த பிறகுதான் வெளியில் அடிக்கும் வெள்ளைக்கு ஆயுள் கூடியது.

அமெரிக்கப் பெயிண்ட் கம்பெனிகள் தங்கள் சரக்கைப் பரிசோதிக்க, தகடுகளில் அடித்து இரண்டு ஊர்களில் வருடக்கணக்காக வெயில் காய வைக்கின்றன. ஒன்று அரிசோனா, காய்ந்த பாலைவனம். மற்றொன்று ஃபுளோரிடா, வெயிலோடு ஈரம். வெயில் அரிசோனாவில்தான் அதிகம். ஆனாலும் பல பூச்சுகள் ஃபுளோரிடாவில்தான் முதலில் தோற்கும். தம்மாமோ பகலில் அரிசோனா, இரவில் ஃபுளோரிடா.

இப்போது என் கறுப்பு ஷீட்டைப் பாருங்கள். இரவில் ஈரக்காற்று அடிவழியாகப் புகும், குளிர்ந்த ஷீட்டின் உள்பக்கத்தில் வியர்த்துச் சொட்டும். அந்தத் தண்ணீரில் கடல் உப்பும் மணலும் கலந்திருக்கும். காலையில் வெயில் ஏறினால் வெளியே போக வழியில்லை, இட்லிக் கொப்பரை மாதிரி உள்ளே வேகும். கறுப்புப் பரப்பு அந்த வெயிலில் 80 டிகிரியைத் தாண்டிவிடும். ஷமால் அடிக்கும்போது ஷீட்டு படபடத்து, உள்ளே போன மணலை வைத்து உப்புத்தாள் போடும். மூன்று எதிரிகளையும் ஒரே அறையில் பூட்டிவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

யார்டுக்குக் காவல்காரர் பக்கத்துக் கத்தீஃப் சோலையைச் சேர்ந்த முதியவர். நாங்கள் 'ஹாஜி' என்று கூப்பிடுவோம். வேலிக்கு வெளியே நாற்பது, ஐம்பது ஆடு வைத்திருந்தார். அவற்றுக்குப் பேரீச்ச மட்டையில் ஒரு கொட்டகை. அவர் ஒருநாள் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, அரபியும் இந்தியுமாகக் கலந்து சொன்னதன் சாரம் இது: "ரஃபீக், என் ஆட்டுக்கு இருக்கிற வீடு உன் காருக்கு இல்லையே."

அந்த வீட்டுக்கு அங்கே 'அரீஷ்' என்று பெயர், 'பரஸ்தி' என்றும் சொல்வார்கள். பேரீச்ச மட்டையின் நடுத்தண்டை வரிசையாக நிறுத்திக் கயிற்றால் பின்னிய சுவர், மேலே மட்டையும் கீற்றும். வெயில் உள்ளே வராது, காற்று தடையில்லாமல் போய்வரும். ஏர்கண்டிஷன் வருவதற்கு முன் வளைகுடாக் கரை முழுவதும் சாமானிய மக்கள் கோடையைக் கழித்தது அதற்குள்தான். 1938ல் தம்மாமின் ஏழாம் எண் கிணற்றில் எண்ணெய் கிடைத்த பிறகு வந்து சேர்ந்த உள்ளூர்த் தொழிலாளிகளும் அப்படிப்பட்ட பரஸ்திக் குடிசைகளில்தான் இருந்தார்கள். பக்கத்திலேயே அமெரிக்கர்களுக்குக் குளிர்சாதன வீடுகள். அரீஷ் என்றால் ஏழையின் அடையாளம் என்று ஆகி, கான்கிரீட் வந்ததும் எல்லோரும் அதைக் கைவிட்டார்கள். ஹாஜி மட்டும் ஆட்டுக்காக வைத்திருந்தார்.

அவர் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது நம்மூர்த் தேரடி. தேர் ஓடுவது வருடத்தில் ஒருநாள், இரண்டு நாள். மீதி நாளெல்லாம் அது நிறுத்தி வைத்த வண்டிதானே? யாராவது தேரைத் துணியால் இறுக்கிக் கட்டியதைப் பார்த்திருக்கிறோமா? கீற்றோ பிறகு வந்த தகரமோ, சற்றுத் தள்ளி மறைப்புத்தான் கட்டுவார்கள். மரத்துக்கு இலுப்பெண்ணெய் பூசுவார்கள். மழை மேலே விழாது, உள்ளே புழுக்கமும் நிற்காது. சின்ன வயதில் அந்த மறைப்புக்குள் ஒளிந்து விளையாடியபோது உச்சி வெயிலிலும் அங்கே சிலுசிலுவென்றிருக்கும். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். அயல்நாட்டில் பிளாஸ்டிக் சுருளைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

நவம்பரில் வேலையை ஆரம்பித்தோம். சவூதியிலிருந்து பஹ்ரைனுக்குக் கடல் பாலம் திறந்த மாதம் அது. ஊரே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் லாரியில் கத்தீஃபுக்குப் போய்ப் பேரீச்ச மட்டை அள்ளிக்கொண்டிருந்தோம். தோப்புக்காரர்கள் காய்ந்த மட்டையை வெட்டிக் கழிப்பது வழக்கம். ஹாஜியின் உறவுக்காரர்கள் காசு வாங்கவில்லை, டீசல் செலவுதான். கட்டுமானக் கம்பெனி யார்டில் சாரக் குழாய்க்கும் கிளாம்புக்கும் என்ன பஞ்சம்? பதினோரு அடி உயரத்தில் குழாயை நட்டு, கிழக்கு மேற்காக நீளமாக மூன்று வரிசைப் பந்தல் போட்டோம். தெற்கிலும் மேற்கிலும் மட்டைத் தட்டி, வடக்கு முழுவதும் திறப்பு. கூரைக்கும் வண்டிக்கும் நடுவில் நல்ல இடைவெளி விடச் சொன்னவர் ஹாஜி. மட்டை வண்டியில் உரசக்கூடாது, கூரையின் சூடும் வண்டிமேல் இறங்கக்கூடாது. டேங்கரும் பஸ்ஸும் உள்ளே வரவில்லை, உயரம் போதவில்லை. அவற்றை ஒர்க்‌ஷாப் சுவரின் நிழலுக்கு மாற்றினோம். கயிறும் சில்லறைச் சாமானும் சேர்த்து முந்நூறு ரியாலுக்குள் முடிந்தது.

மிச்சப் பணத்தில் உஸ்தாத் ரப்பிங் காம்பவுண்டும் மெழுகும் வாங்கச் சொன்னார். பொடி பூத்த பிக்கப்புகளை ஒருமுறை காம்பவுண்ட் போட்டுத் தேய்த்ததும் கீழே நல்ல வெள்ளை வந்தது. இன்னொருமுறை தேய்க்கலாமா என்று கேட்டேன். "இருக்கிறதே இவ்வளவுதான் பாபு, தினம் சோப்புத் தேய்த்தால் சோப்புத்தான் கரையும்" என்றார். மெழுகு போடுவது புற ஊதாக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது, தண்ணீரை ஒட்டவிடாமல் உருட்டிவிடும். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். நல்ல மெழுகில் கார்னவ்பா என்று ஒன்று சேரும். பிரேசிலின் வடகிழக்கில், வறண்ட சீமையில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படிவது. தன் ஓலையிலிருந்து ஈரம் போய்விடாமல் இருக்க அந்த மரமே சுரக்கும் பூச்சு. அது உருகுவது 80 டிகிரிக்கு மேல்தான். நிழலில் நிற்கும் வண்டியில் அது பாட்டுக்கு இருக்கும்.

டீசலில் துணி நனைத்துத் துடைத்தால் பளபளக்கும் என்று டிரைவர்கள் சொன்னார்கள். அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் மணல் முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். உஸ்தாத் திட்டி அனுப்பினார். தூசியை உலர்ந்த துணியால் துடைக்கக்கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, விடியற்காலையில், நல்ல தண்ணீரை மேலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றி மணலை வழியவிட்டு, பிறகே ஈரத்துணி. கிணற்று உப்புத் தண்ணீர் கூடாது. வெயில் ஏறுவதற்குள் ஈரம் இருக்கக்கூடாது. வண்டிக்கு இரண்டு வாளி. தம்பியும் நானும் 1987 முழுவதும் அதைச் செய்தோம். தண்ணீர் லாரிக்குத்தான் மிச்சக் காசு போயிற்று.

பல வருடம் கழித்து, 2011ல், மகன் அரிசோனாவில் இருந்தபோது டூசான் நகரத்தில் விமான மியூசியத்துக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி, டேவிஸ் மான்தன் விமானப்படைத் தளத்தில் நிறுத்தி வைத்திருக்கும் பழைய விமானங்களை அப்போது காட்டினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் விமானம், ஆயிரக்கணக்கில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946ல் ஆரம்பித்த ஏற்பாடு. மழை வருடத்துக்கு 11 அங்குலம் அளவில்தான், காற்றில் ஈரம் குறைவு, மண் கெட்டி, விமானத்தை நிறுத்தத் தளம்கூடப் போட வேண்டியதில்லை. அதனால் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அத்தனை விமானத்துக்கும் பந்தல் போட முடியுமா? அவர்கள் வேறு வழி கண்டார்கள். கண்ணாடி மேலும் இடுக்குகள் மேலும் மேற்பரப்பின் மீதும் ரப்பர் பால் மாதிரி ஒரு பூச்சைப் பீய்ச்சுவார்கள். முதலில் கறுப்பு, இடுக்கை அடைக்க. அதன்மேல் வெள்ளை, வெயிலைத் திருப்ப. வேண்டும்போது தோல் உரிப்பது போல உரித்துவிடலாம். அது இல்லாவிட்டால் உள்ளே 90 டிகிரிக்கு மேல் போகுமாம். பூசினால் வெளிக்காற்றைவிட ஏழெட்டு டிகிரிதான் கூடும். இந்த முறையில் 2008ல் நிறுத்தி வைத்த பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்றை 2015ல் திரும்பப் பறக்கவிட்டார்கள் என்று பின்னர் படித்தேன். காட்டிக்கொண்டு வந்த பெரியவர் வெள்ளைப் பூச்சின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாக அந்தக் காய்ந்த மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒட்டப் பூசி மூடினாலும் அவர்களுக்குத் தாங்குகிறது. அங்கே இரவில் உப்புத் தண்ணீர் சொட்டுவதில்லையே.

1988 பிப்ரவரியில் வண்டிகளை ஹராஜுக்கு, அதாவது ஏலச் சந்தைக்கு, கொண்டுபோனோம். வாங்க வந்தவர்கள் இன்ஜினைத் திறப்பதற்கு முன் பானெட்டில் கட்டைவிரலை அழுத்தி இழுத்து விரலைப் பார்த்தார்கள். பந்தலில் நின்ற வெள்ளைப் பிக்கப்புகளில் விரல் சுத்தமாக வந்தது. அவை நாங்கள் எதிர்பார்த்ததற்கு மேலேயே போயின. பதினாறு வண்டியின் முன்னால் வந்தபோது யாரும் விரலைக்கூட வைக்கவில்லை, கண்ணாலேயே முடித்துவிட்டார்கள். சிவப்புக் காரைப் பாதி விலைக்குக் கேட்டார்கள், கொடுத்தோம். பந்தலுக்குள் கொண்டுவந்த பிறகு அவை மேலும் கெடவில்லை என்பது உண்மை. ஆனால் முதல் கோடை முதல் கோடைதான்.

அப்போது எங்கள் எல்லோருக்கும் சம்பளப் பாக்கி பத்து மாதம் ஆகியிருந்தது. மேலாளர் வாக்குத் தவறவில்லை. வந்த பணத்தை வந்தபடியே பிரித்தார். ஆளுக்கு ஏழு மாதச் சம்பளம் கிடைத்தது. அந்தப் பதினாறும் ஒழுங்காக விற்றிருந்தால் பத்தும் வந்திருக்கும். ராத்திரி உட்கார்ந்து நானே கணக்குப் போட்டேன். போட்டிருக்க வேண்டாம். தம்பிக்கு வைகாசியில் தங்கை கல்யாணம், பத்து மாதத்தை எண்ணி வீட்டுக்கு எழுதியிருந்தான். நான் அவனிடம் போய், "அந்த ஷீட்டு யோசனை என்னோடதுதாம்ப்பா" என்றேன். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "கயித்த இழுத்துக் கட்டுனது நானும்தானே அண்ணே" என்றான். என் ஏழு மாதத்தில் ஒரு மாதத்தை அவன் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் அந்த வருடம் ஊருக்கு வரவில்லை.

சாரக் குழாய்களையும் விற்றுவிடச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு வரிசைப் பந்தலைப் பிரித்தோம். மூன்றாவதைப் பிரிக்க ஆள் இல்லை, எல்லோரும் போய்விட்டார்கள். நான் கிளம்பிய அன்று காலை அந்தப் பந்தலுக்குள் ஹாஜியின் ஆடுகள் படுத்திருந்தன.